அத்தானின் அழிப்புப் பதிவேடு

என் அக்கா புருஷனுக்கு ஆபீஸில் வைத்த பேர் சிவப்புச் சீட்டு. முகத்துக்கு நேராக நான் அத்தான் என்பேன். முதுகுக்குப் பின்னால் முப்பத்தெட்டு வருஷமாக எனக்கும் அவர் சிவப்புச் சீட்டுதான். இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் முதலில் வருவது கோபம். அதற்குப் பிறகு வருவதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அவர் வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நாலு நீள அறைகள், கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள், வந்துபோன ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஃபைல். புதுசு வரவரப் பழசு போயாக வேண்டும், இல்லையென்றால் ஆள் நடக்க வழி இருக்காது. அதற்கு அங்கே ஒரு முறை இருந்தது. பத்து வருஷம் தாண்டிய ஃபைலின் முதுகில் தேதி எழுதிய சிவப்புச் சீட்டு ஒன்றை ஒட்டுவார்கள். தொண்ணூறு நாளில் எந்த டாக்டரும் கேட்டு வரவில்லையென்றால் அது காகித ஆலைக்குப் போய்க் கூழாகிவிடும். போன ஃபைலின் விவரம் மட்டும் அழிப்புப் பதிவேடு என்ற தடித்த நோட்டில் ஏறும். என்ன ஃபைல், எப்போது சீட்டு ஒட்டியது, எப்போது போனது, காரணம் என்ன. ஃபைல் போகலாம், பதிவேடு போகக் கூடாது என்பது அங்கே சட்டம். பத்தொன்பது வயதில் அந்த அறைக்குள் நுழைந்தவர் அறுபதில்தான் வெளியே வந்தார். ‘அவர் பக்கத்தில் தொண்ணூறு நாள் சும்மா உட்காராதே, உன் முதுகிலும் ஒட்டிவிடுவார்’ என்று கூட இருந்தவர்கள் கேலி செய்வார்களாம். அதை அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஆபீஸோடு விட்டிருந்தால் யாருக்கென்ன? வீட்டுக்கும் கொண்டு வந்தார்.

கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகவில்லை. அக்கா பிறந்த வீட்டிலிருந்து கொண்டு போயிருந்த பச்சைப் பூ போட்ட பீங்கான் ஜாடியின் மேல் சிவப்பாக ஒரு சீட்டு, அதில் அன்றைய தேதி. என்ன இது என்று கேட்டதற்கு, முப்பது நாள் பார்ப்போம், யாரும் எடுக்கவில்லையென்றால் தேவையில்லை என்றுதானே அர்த்தம் என்றாராம். வீடு சின்னது என்பதால் தொண்ணூறு முப்பதாகிவிட்டது. முப்பத்தோராம் நாள் சாமான் வாசலில் இருக்கும் கோணிப்பைக்குள் போகும். வாரம் ஒருமுறை பழைய சாமான் எடுப்பவர் வந்து பையைத் தூக்கிக்கொண்டு போவார். அதற்கு முன்னால் அத்தான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பையில் இருப்பதை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதுவார். ஆபீஸில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய பதிவேடு ஒன்று. அதே கட்டங்கள், அதே தலைப்பு.

அக்கா சாது. எதிர்த்துப் பேசத் தெரியாது, ஆனால் தந்திரம் தெரியும். சீட்டில் எந்தச் சாமானுக்கு என்ன தேதி என்று மனப்பாடம் செய்துகொண்டு, இருபத்தெட்டாம் நாள், இருபத்தொன்பதாம் நாளில் அதை எடுத்து உபயோகிப்பாள். கொளுத்துகிற வெயிலில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு கடைக்குப் போவாள். விருந்தாளிக்கு என்று வைத்திருந்த ஆறு கோப்பைகளில் வரிசையாகத் தண்ணீர் ஊற்றி ஆறையும் ஒரே மூச்சில் குடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. இரண்டு வருஷத்தில் அத்தான் இதைக் கண்டுபிடித்து, காட்டுவதற்காக உபயோகிப்பது கணக்கில் வராது என்று சட்டத்தைத் திருத்தினார். கோப்பைகள் போயின.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன். அவருடைய அப்பா எதையும் தூக்கிப் போடாதவர். செய்தித்தாள், காலி பாட்டில், ஓடாத கடிகாரம், அறுந்த செருப்பு என்று தெருவில் கிடப்பதெல்லாம் அந்த வீட்டில்தான் இருக்கும். கட்டிலில் சாமான் ஏறிவிட்டதால் அவருடைய அம்மா கடைசி ஆறு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாராம். அம்மா செத்தபோது உடம்பை வெளியே எடுக்க வழியில்லாமல் ஜன்னலைப் பெயர்த்தார்கள். அப்போது இவருக்குப் பதினேழு வயது. இதை அக்காவிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். கேட்டபோது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பன் செய்ததற்கு என் அக்கா எதற்குத் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று அடுத்த நிமிஷமே கேட்டேன். இப்போதும் கேட்கிறேன்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் அக்காவுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிவிட்டது. அவள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். குழந்தைக்கென்று வாங்கியதும் பின்னியதும் ஒரு மூலையில் இருந்தது. நாலாம் நாள் அதன் மேலும் சீட்டு ஏறியது. படுத்துக் கிடந்தவள் எழுந்து போய் எதைத் தொட்டு உபயோகிப்பாள்? அதற்கு அப்புறம் அவர்களுக்குக் குழந்தையே இல்லை. அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் நின்று நான் கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. “நீங்க மனுஷன்தானா அத்தான்?” என்று கேட்டேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் அந்த வாசலை மிதிக்கவில்லை.

காலம் போகப்போக அந்த வீடு துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. இரண்டு கட்டில், இரண்டு நாற்காலி, ஒரு மேசை. தட்டு இரண்டு, டம்ளர் இரண்டு. நான் போனால் அக்கா குடித்து முடிக்கும்வரை எனக்குக் காபி கிடைக்காது. சுவரில் ஆணிகூடக் கிடையாது. பேசினால் எதிரொலிக்கும். அக்கம்பக்கத்தில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள், எவ்வளவு சுத்தம், எவ்வளவு நிம்மதி என்று. வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு நிம்மதிதான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அக்கா என் வேலை இடத்துக்கே வந்துவிட்டாள். நான் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வை. நாள் ஒன்றுக்கு நானூறு விரிப்பு, எழுநூறு துண்டு, ஒரு தலையணை உறை குறைந்தாலும் என் தலைதான் உருளும். பின்வாசலில் நீராவிக்கு நடுவே நின்றவள் பைக்குள்ளிருந்து ஒரு தகரப்பெட்டியை எடுத்தாள். ரொட்டி வைக்கும் அளவுதான் இருக்கும். நீலப் பெயின்ட், சின்னப் பூட்டு. கோணிப்பை போவதற்கு முன்னால் ஒன்றிரண்டை உருவி உருவி எடுத்து இத்தனை வருஷமாகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். இப்போது தொட்டியை மாற்ற ஆள் வரப் போகிறான்.

“சின்னவளே, இத நீ வச்சுக்கோ. திறக்காத. என்னிக்காவது நானே வந்து வாங்கிக்கறேன்.”

“உள்ள என்னக்கா இருக்கு?”

“ஒண்ணுமில்ல. என்னோடது, அவ்வளவுதான்.”

சாவியை ஊக்கில் கோத்து ரவிக்கையின் உள்பக்கம் குத்திக்கொண்டு போனாள். நான் பெட்டியை என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அன்றைக்கு எனக்கு என்ன கர்வம் தெரியுமா? சிவப்புச் சீட்டின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு மறதி வந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மற்ற வீடுகளில் கண்ணாடியை எங்கே வைத்தோம், பணப்பையை எங்கே வைத்தோம் என்று தேடுவார்கள், ஆளுக்கு என்னவோ ஆகிறது என்று பிள்ளைகளுக்குப் புரியும். இந்த வீட்டில் தேடுவதற்கு என்ன இருக்கிறது? ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று, அதுவும் கண் முன்னால். சாமானை எங்கேயாவது மாற்றி வைத்துவிடுகிறாரா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, “மாத்தி வைக்க எங்க வீட்ல ஒண்ணும் இல்ல டாக்டர்” என்று இவர் சொன்னார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அதற்குள் வியாதி மூன்று வருஷம் முற்றியிருந்தது. பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து அவர்கள் அலமாரியைத் திறந்து அக்கா எதையோ தேடியதால்தான் ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனோம்.

டாக்டரம்மா சொன்னது எளிய விஷயம். மருந்து பாதி வேலைதான் செய்யும். அவருக்குப் பழக்கமான பழைய சாமான்களைச் சுற்றி வையுங்கள், கையில் கொடுங்கள், அதைப் பற்றிப் பேச வையுங்கள். பழைய போட்டோ, சின்ன வயசுத் துணி, புழங்கின பாத்திரம், எதுவானாலும் சரி. பேச்சை விடாமல் இழுத்துப் பிடித்தால் இன்னும் கொஞ்ச காலம் உங்களோடு இருப்பார், விட்டால் சீக்கிரம் முழுக்கப் போய்விடுவார். அத்தான் தலையாட்டினார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. எனக்கு வாயில் வந்த வார்த்தையெல்லாம் கொட்ட வேண்டும்போல் இருந்தது. ‘இப்ப எங்க போய் வாங்குவீங்க?’ என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. நல்ல மனதால் அல்ல.

அந்தப் பெட்டி என்னிடம் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் வீடு மாறினேன். இரண்டு அறை வீட்டிலிருந்து ஓட்டலுக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் ஒரே அறை. வண்டிக்காரர் ஒரு நடைதான் வருவேன் என்றார். நான் ஒவ்வொன்றாக ஒதுக்க ஆரம்பித்தேன். பழைய மெத்தை, உடைந்த ஸ்டூல், பத்து வருஷத்துக் காலண்டர். ஒதுக்க ஒதுக்க உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது, பொய் சொல்லவில்லை. இதில் இவ்வளவு சுகமா என்று நினைத்தேன். அத்தான்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அந்த வேகத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து நீலப்பெட்டியும் வந்தது. துருப்பிடித்திருந்தது. குலுக்கினேன், கடகட என்றது. பதினோரு வருஷமாக அவள் கேட்கவே இல்லையே, மறந்திருப்பாள், இதில் என்ன புதையலா இருக்கப் போகிறது என்று பழைய சாமான் குவியலோடு தள்ளிவிட்டேன். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன்.

முப்பது நாள் கெடு வைத்தவரை ராட்சசன் என்றேன். நான் முப்பது நிமிஷம்கூட வைக்கவில்லை.

மறதி வந்த பிறகு அக்கா கேட்க ஆரம்பித்தாள். என்ன சாப்பிட்டாள் என்று தெரியாது, என்ன கிழமை என்று தெரியாது. நான் உள்ளே நுழைந்தால் மட்டும் ரவிக்கையில் இருக்கும் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “பெட்டி பத்திரமா?” என்பாள். “பத்திரமா இருக்குக்கா” என்பேன். ஒவ்வொரு வாரமும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுக்கவில்லை, அறுத்தது.

அத்தான் சும்மா இருக்கவில்லை. பழைய சாமான் கடைகளுக்கு நடையாக நடந்தார். அறுபத்தேழு வயதில், வாழ்நாளெல்லாம் வெளியே தள்ளிய கையால் உள்ளே கொண்டுவந்தார். பச்சைப் பூ போட்ட ஜாடி ஒன்றை வாங்கி வந்து அக்கா மடியில் வைத்தார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “யார் வீட்டு ஜாடி இது? தேடப் போறாங்க. குடுத்துட்டு வாங்க” என்று கோபித்துக்கொண்டாள். அவர் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது பதிவேட்டை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். மொத்தம் மூன்று நோட்டு. அந்த வீட்டில் சீட்டு ஒட்டாமல் தப்பியது அவை மட்டும்தான். எந்த மாதிரி ஜாடி என்று சரியாகப் பார்த்து வாங்க வேண்டும் என்றார். கண் தெரியவில்லை என்று எழுத்தைக் கிட்டத்தில் வைத்துச் சத்தமாகப் படித்தார்.

“பீங்கான் ஜாடி, ஒன்று. பச்சைப் பூ. மூடி இல்லை.”

“மூடிய ஒடச்சது நீங்கதானே” என்றாள் அக்கா, நாற்காலியிலிருந்து.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். பழைய கதை எதுவும் அவள் வாயிலிருந்து வந்து மாசக்கணக்காகியிருந்தது. அத்தான் அடுத்த வரியைப் படித்தார். மேசை விளக்கு, பித்தளைக் கால். அதன் வெளிச்சத்தில்தான் சின்னவள் பரீட்சைக்குப் படித்தாள், அதன் கீழே தலைவைத்துத் தூங்கி முடியைக் கருக்கிக்கொண்டாள் என்று என்னைக் காட்டிச் சொன்னாள். எனக்கே மறந்துபோன விஷயம். கம்பளிக் கையுறை, ஒரு ஜோடி. அக்கா சிரித்தாள். வெயிலில் போட்டுக்கொண்டு போனதைச் சொன்னாள். கடைக்காரர், உடம்பு சரியில்லையா என்று கேட்டதையும் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு பக்கம். கோப்பைகள் ஆறு, துணிக்கூடை ஒன்று, ஊதல் ஒன்று. அவர் சாமானைப் படிப்பார், அவள் கதையைச் சொல்வாள். டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பிடுங்கி எறிந்தவனே பட்டியலை வாசிக்கிறான், அவள் சிரித்துக்கொண்டு கேட்கிறாள், இதென்ன அநியாயம் என்று. இவர் தூக்கிப் போடாமல் இருந்திருந்தால் பட்டியல் எதற்கு? ஆனால் அவள் பேசினாள். நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

இரண்டாம் நோட்டு முடிந்து மூன்றாவது தொடங்கிய வாரம், அத்தான் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். கையில் நோட்டு, விரல் ஒரு பக்கத்தில். படித்துப் பார் என்று நீட்டினார்.

‘தகரப்பெட்டி, நீலம், பூட்டுடன், ஒன்று. உள்ளே: மாமியாரின் மூக்குக் கண்ணாடி, ஒரு கால் உடைந்தது. அக்கா தங்கை போட்டோ, ஒன்று. குழந்தைக் காலுறை, ஒரு ஜோடி, பயன்படுத்தாதது. என் கடிதங்கள், பதினொன்று. தங்கை வீட்டுக்கு அனுப்பப்பட்டது.’ போன தேதியும் காரணமும் எழுதும் கட்டங்கள் காலியாக இருந்தன.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. கோணிப்பையில் குறைந்த ஒவ்வொன்றையும் அவர் எண்ணியிருக்கிறார், எண்ணுவதுதானே அவர் வேலை. ஒரு நாள் அவள் குளிக்கும்போது சாவியை எடுத்துத் திறந்து பார்த்து, எழுதிக்கொண்டு, மறுபடி பூட்டி அதே இடத்தில் வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“அது கல்யாணத்துக்கு முன்னாடி நான் அவளுக்கு எழுதின லெட்டர். நானேதான் சீட்டு ஒட்டினேன்” என்றார். “குழந்தைச் சாமான என்னால பாக்க முடியலம்மா. பாத்தா செத்துடுவேன் போல இருந்துச்சு. அதச் சொல்லத் தெரியல. போட்டுட்டேன். காலுறைய மட்டும் அவ எடுத்துட்டான்னு தெரிஞ்சப்ப எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? அப்புறம் உங்கிட்ட போயிடுச்சுன்னதும் நிம்மதியா இருந்துட்டேன். நாளைக்கு இந்தப் பக்கம் வருது. நீ பெட்டிய எடுத்துட்டு வந்துடு. படிக்க வேண்டாம், அவ கையிலயே குடுத்துடலாம். சாவி அவகிட்ட இருக்கு.”

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றுதான்.

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். திருட்டுப் போய்விட்டது, வெள்ளத்தில் போய்விட்டது என்று என்னென்னவோ வந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதுவும் வெளியே வரவில்லை.

“இல்ல அத்தான். நான் போட்டுட்டேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு, அழுது, ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் சமையல் மேடைமேல் நோட்டை வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்ற இரண்டு தடவை முயற்சி பண்ண வேண்டியிருந்தது.

“எந்தத் தேதி?”

வீடு மாறின தேதியைச் சொன்னேன். எழுதினார்.

“காரணம்?”

அந்தக் கட்டத்தில் அந்த மூன்று நோட்டிலும் பக்கம் பக்கமாக ஒரே வார்த்தைதான் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தானே நான் அவரை முப்பத்தெட்டு வருஷம் சபித்தேன்.

“இடமில்ல” என்று அதே வார்த்தையை நானும் சொன்னேன்.

அதையும் எழுதினார். மேலே இருந்த வரிகளைப் போலவே, நேராக, அழகாக. மை காயும்வரை ஊதிவிட்டு நோட்டை மூடினார். நான் ஓட்டலுக்கு ஓடிப்போய்ச் சலவை அறையின் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அழுதேன். அவளுக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன தெரியும் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். எத்தனை பேரிடம் அவரைப் பற்றி வாய் கிழியப் பேசியிருக்கிறேன்.

மறுநாள் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். போகாவிட்டால் அவர் அவளிடம் உள்ளதைச் சொல்லிவிடுவாரோ என்று பயம். பதிவேட்டில் இருப்பதை மாற்றிச் சொல்லுகிற மனிதர் இல்லை அவர். நாற்பத்தோரு வருஷத்தில் ஒரு வரியைக்கூட அடித்து எழுதியதில்லை என்றுதான் ஓய்வு பெற்ற அன்று மேலதிகாரி மாலை போட்டுப் பாராட்டினார்.

அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஊக்கில் இருந்த சாவியைத் தொட்டாள். இன்றைக்குப் பெட்டி பத்திரமா என்று கேட்கவில்லை. படிப்பு தொடங்கிவிட்டதால் கவனம் அங்கே இருந்தது. அத்தான் பாத்திரத்துணி, கதவுமணி என்று ஒவ்வொன்றாகப் படித்து வந்தார். பக்கத்தின் நடுவில் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தகரப்பெட்டி, நீலம், பூட்டுடன், ஒன்று” என்று படித்தார். கண்ணாடியைப் படித்தார். போட்டோவைப் படித்தார். காலுறையைப் படித்தார். “கடிதங்கள், பதினொன்று. தங்கை வீட்டுக்கு அனுப்பப்பட்டது.”

அதற்கு அப்புறம் இரண்டு கட்டம் படிக்கப் பாக்கி இருந்தது. மை புதுசாக இருந்ததால் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

அக்கா முன்னால் சாய்ந்தாள். முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்து வருஷமாயிற்று. என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். பேசியது அவரிடம்.

“அது இவகிட்ட இருக்கு. நீங்க தேடாதீங்க, கெடைக்காது. இவ உங்கள மாதிரி இல்ல. எதையும் தூக்கிப் போட மாட்டா.”

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. விரலை அந்தக் கட்டத்தின் மேலேயே வைத்திருந்தார்.

“ஆமா” என்றார். “போட மாட்டா.”

பிறகு விரலை ஒரு வரி கீழே இறக்கி, குடை, கறுப்பு, ஒன்று, கம்பி வளைந்தது என்று படித்தார்.